மென்தசைக்குள் கால்சியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியம்மாவுக்கு 71 வயது. எலும்பு டாக்டர் எழுதிய கால்சியம் மாத்திரையையும் பிரஷருக்கான ஆம்லோடிபினையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார். ஆம்லோடிபின் 'கால்சியம் சேனல் பிளாக்கர்' வகை என்று பேரன் போனைப் பார்த்துப் படித்துச் சொன்னதிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது. "ஒருத்தர் கால்சியத்தைச் சாப்பிடுங்கிறார், இன்னொருத்தர் அடைக்கிறார். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை என்னடா பண்ணப் பார்க்கிறாங்க?"

மருந்தியல் ஆய்வகத்தில் குடல் துண்டுகளோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. அவருக்குச் சொன்ன பதிலும், மாணவர்கள் துளைத்துக் கேட்டவையும், உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவையும்தான் கீழே இருப்பவை. மாத்திரை விஷயம் மட்டும் வேண்டுமென்றால் நேராகப் பாதிக்குக் கீழே போய்விடலாம். ஆனால் மேலே இருப்பதைப் படித்தால்தான் கீழே இருப்பதற்குக் காரணம் புரியும்.

மென்தசை என்பது எது?

நம் சொல்பேச்சு கேட்காத தசை. ரத்தக்குழாய்ச் சுவர், மூச்சுக்குழல், இரைப்பை, குடல், பித்தப்பை, சிறுநீர்ப்பை, கருப்பை, கண்மணியைச் சுருக்கும் வளையம், புல்லரிக்கும்போது ரோமத்தை நிமிர்த்தும் சிறு இழை எல்லாம் இதுதான். கை கால் தசையில் தெரியும் குறுக்கு வரிகள் இதில் தெரியாததால் வரியற்ற தசை என்றும் சொல்வதுண்டு.

கால்சியம் எலும்புக்கான சத்துதானே? தசைக்குள் அதற்கு என்ன வேலை?

உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிச்சத்தில்தான் ரத்தமும் செல்களும் பிழைப்பை ஓட்டுகின்றன. மென்தசைச் செல்லுக்குக் கால்சியம் ஒரு கட்டளை. 'சுருங்கு' என்பதுதான் அந்தக் கட்டளை. அது காதில் விழ வேண்டுமானால் மற்ற நேரத்தில் வீடு அமைதியாக இருக்க வேண்டும். செல்லுக்கு வெளியே அயனியாக உலவும் கால்சியம் ஏறத்தாழ 1.2 மில்லிமோலார் (மோலார் என்பது கரைசலின் அடர்த்திக்கான அலகு). ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் சுமார் 100 நானோமோலார்தான், அதாவது வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அது 500 நானோமோலாரைத் தாண்டி ஒரு மைக்ரோமோலார் (1000 நானோமோலார்) பக்கம் போனாலே தசை நன்றாக இறுகிவிடும்.

இவ்வளவு குறைவாக வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. செல்லின் அன்றாடச் செலவுக் காசு ஏடிபி. அது பாஸ்பேட்டால் ஆனது. கால்சியமும் பாஸ்பேட்டும் அளவுக்கு மேல் ஒரே இடத்தில் சேர்ந்தால் கரையாமல் வெள்ளையாகப் படிந்துவிடும். இதை நான் புத்தகத்தைவிட ஒரு பீக்கரில்தான் நன்றாகக் கற்றேன். குடல் துண்டை உயிரோடு வைத்திருக்க டைரோடு கரைசல் என்று ஒன்று தயாரிப்போம். லிட்டருக்கு சோடியம் குளோரைடு 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.2, கால்சியம் குளோரைடு 0.2, மெக்னீசியம் குளோரைடு 0.1, சோடியம் பைகார்பனேட் 1, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.05, குளுக்கோஸ் 1 கிராம். மற்றவற்றையெல்லாம் கரைத்து, தண்ணீர் கிட்டத்தட்ட முழு அளவுக்கு வந்த பிறகு, கலக்கிக்கொண்டே கடைசியாகத்தான் கால்சியத்தை விட வேண்டும். புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் அவசரத்தில் அடர்கரைசல்களை ஒன்றின்மேல் ஒன்று ஊற்றினார். இளநீர் போலிருந்த பீக்கர் கண்ணெதிரே வடித்த கஞ்சியாகிவிட்டது. கார்பனேட்டும் பாஸ்பேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து படிந்த படிவு அது. அந்தக் கதி தனக்கு வராமலிருக்கத்தான் ஒவ்வொரு செல்லும் ராப்பகலாகக் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது.

தசைக்குக் கால்சியம் தேவை என்று முதலில் கண்டது யார்?

லண்டனில் சிட்னி ரிங்கர். 1882ல் தவளையின் இதயத்தை வெறும் உப்புக் கரைசலில் துடிக்கவிட்டதாக எழுதினார். பிறகுதான் தெரிந்தது, உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரில் கரைசல் கலக்கியிருந்தார் என்பது. காய்ச்சி வடித்த நீரில் கலக்கியபோது இதயம் ஓய்ந்துபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை துடிக்க வைத்திருக்கிறது. 1883ல் தன் கட்டுரையைத் தானே திருத்தி வெளியிட்டார். சோம்பலுக்கு அறிவியலில் இவ்வளவு நல்ல கூலி கிடைத்த வேறு சம்பவம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அது இதயத் தசை. மென்தசையிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். இறைச்சிக் கடையிலிருந்து சுடச்சுட வாங்கி வந்த கோழிக் குடலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனையைக் கண்ணாடிக் குழாயின் கொக்கியிலும் மறுமுனையை நூலால் நெம்புகோலிலும் கட்டி, 37 டிகிரியில் காற்றுக் குமிழி விட்டு வைப்போம். நரம்பு முனைகள் விடும், குடலைச் சுருக்கும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் ஒரு துளி விட்டால் கரி படிந்த உருளைத் தாளில் முள் சட்டென்று மேலேறிக் கோபுரம் போல ஒரு கோடு கீறும். கால்சியம் சேர்க்காத டைரோடு கரைசலில் சில முறை கழுவிவிட்டு அதே துளியை விடுங்கள். கோபுரம் குட்டிச்சுவராகிவிடும். இன்னும் இரண்டு முறை கழுவினால் அதுவும் இருக்காது.

கால்சியம் எந்த வழியாக உள்ளே வருகிறது?

வழி இரண்டு. செல் சவ்வில் உள்ள எல் வகை கால்சியம் சேனல் முதல் வழி. இது மின்னழுத்தத்துக்குத் திறக்கும் மடை. ஓய்வில் மென்தசைச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 40 முதல் 60 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். அந்த வித்தியாசம் குறையக் குறைய மடை திறக்கும், வெளியே காத்துக்கொண்டிருக்கும் கால்சியம் பள்ளத்தில் பாயும் தண்ணீர் போல உள்ளே வரும்.

இரண்டாவது வழி செல்லுக்குள்ளேயே இருக்கும் கிடங்கு. சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்பது அதன் பெயர். நாம் கிடங்கு என்றே வைத்துக்கொள்வோம். நார்அட்ரினலின், அசிட்டைல்கோலின், ஆக்ஸிடோசின் போன்ற தூதுப் பொருள்கள் செல் சவ்வில் தங்களுக்கான ஏற்பியில் உட்கார்ந்ததும் உள்ளே ஐபி3 என்ற சிறு மூலக்கூறு உருவாகும். அது கிடங்கின் கதவைத் தட்டித் திறக்கும். மின்னழுத்தம் மாறவே வேண்டியதில்லை. 1968ல் ஆண்ட்ரூ சோம்லியோவும் அவ்ரில் சோம்லியோவும் இந்த மின்சாரமில்லா வழிக்குத் தனிப் பெயரே வைத்தார்கள்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. கரைசலில் பொட்டாசியத்தை ஏற்றினால் முதல் வழி திறக்கும். அந்தச் சுருக்கத்தை, எல் வகை மடையை அடைக்கும் நிஃபெடிபின் என்ற மருந்து துடைத்துப்போடும். அதற்குப் பதில், கரைசலில் கால்சியமே இல்லாதபோது ஒரு ரத்தக்குழாய்த் துண்டுக்கு நார்அட்ரினலின் கொடுத்தால், ஒரே ஒரு முறை துள்ளிச் சுருங்கி விழும். கிடங்கில் இருந்தது தீர்ந்தது என்று அர்த்தம்.

வந்த கால்சியம் தசையை எப்படிச் சுருக்குகிறது?

கை கால் தசையிலும் இதயத்திலும் ட்ரோபோனின் என்ற புரதம் பூட்டாக இருக்கிறது. கால்சியம் சாவி. சாவி போட்டதும் மயோசின் என்ற இழை ஆக்டின் என்ற இழையைப் பிடித்து இழுக்கும், தசை சுருங்கும். மென்தசையில் அந்தப் பூட்டே இல்லை. இங்கே கால்சியம் முதலில் கால்மோடுலின் என்ற புரதத்தில் உட்காரும், ஒரு கால்மோடுலினுக்கு நான்கு கால்சியம். அது மயோசின் லைட் செயின் கைனேஸ் என்ற நொதியை எழுப்பும். அந்த நொதி மயோசினின் கழுத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். ஒட்டிய பிறகுதான் மயோசின் ஆக்டினை இழுக்க முடியும்.

பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்க மயோசின் பாஸ்பட்டேஸ் என்று இன்னொரு நொதி எப்போதும் வேலையில் இருக்கும். ஒட்டுகிறவர் ஒருவர், பிய்க்கிறவர் ஒருவர். தசை எவ்வளவு இறுகும் என்பது இந்த இருவரில் யார் கை ஓங்குகிறது என்பதைப் பொறுத்தது. கால்சியத்துக்கு ஒட்டுகிறவரை மட்டும்தான் நேரடியாகத் தெரியும். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இவ்வளவு சுற்றி வளைத்துச் செய்வதால் தாமதமாகாதா?

ஆகும். கை தசையில் ஆணை வந்த சில பத்து மில்லி நொடிகளில் இழுப்பு தொடங்கிவிடும். மென்தசைக்கு நூற்றுக்கணக்கான மில்லி நொடிகள் பிடிக்கும். குடலுக்கும் ரத்தக்குழாய்க்கும் என்ன அவசரம்? அவற்றுக்கு வேண்டியது வேகமில்லை, சிக்கனம். ஒரு தமனிச் சுவர் பிறந்ததிலிருந்து சாகும்வரை இறுகியே இருக்க வேண்டும். கை தசை செலவழிக்கும் ஏடிபியில் மிகச் சிறு பங்கை வைத்து அதே விசையை மென்தசை தாங்கும். பாஸ்பேட் பிய்க்கப்பட்ட பிறகும் மயோசின் பிடியை விடாமல் மெதுவாகவே விலகுவது ஒரு காரணம் என்று 1981ல் வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு காட்டியது. ஆங்கிலத்தில் லாட்ச் என்கிறார்கள். தாழ்ப்பாள் என்றால் நமக்குச் சட்டென்று புரியும்: கதவைப் பிடித்துக்கொண்டே நிற்கத் தேவையில்லை, தாழ் போட்டுவிட்டு உட்காரலாம்.

கால்சியம் குறைந்த பிறகும் தசை இறுகியே இருக்கிறதாமே? அது எப்படி?

மாணவர்களை மிகவும் குழப்பும் கேள்வி. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

செல்லுக்குள் கால்சியம் எவ்வளவு என்று நேரில் பார்க்க வழி கொடுத்தது ஒரு ஜெல்லிமீன். ஒசாமு ஷிமோமுரா அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் பிடித்த ஜெல்லிமீன்களிலிருந்து 1962ல் ஈக்குவோரின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார். கால்சியம் பட்டால் அது நீல ஒளி விடும். அதே மீனில் கிடைத்த பச்சைப் புரதத்துக்காக 2008ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேறு கதை. ஜேம்ஸ் மார்கன், கேத்லீன் மார்கன் இருவரும் ஃபெரட் என்ற கீரிபோன்ற விலங்கின் கல்லீரல் வாயிற்சிரைத் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிரை) தசைக்குள் ஈக்குவோரினை ஏற்றி 1982ல் ஒளியை அளந்தார்கள். ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தை விட்டதும் ஒளி பளிச்சென்று ஏறியது. பிறகு வேகமாக இறங்கி ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தது. தசையோ இறுக்கத்தைத் தளர்த்தவேயில்லை. கால்சியம் அளவும் இறுக்கமும் கைகோத்து ஏறி இறங்கும் என்று அதுவரை நினைத்திருந்தவர்களுக்கு இது ஒரு தலைவலி.

விடை பாஸ்பேட்டைப் பிய்க்கிறவரிடம் இருந்தது. அதே மருந்துகள் இன்னொரு பாதையில் ரோ கைனேஸ் என்ற நொதியையும் எழுப்புகின்றன. ரோ கைனேஸ் பிய்க்கிறவரின் கையைக் கட்டிவிடும். இப்போது ஒட்டுகிறவர் கொஞ்சமாக வேலை செய்தாலே போதும், ஒட்டியது ஒட்டியபடி இருக்கும். கால்சியம் கூடவில்லை, கால்சியத்துக்குத் தசையின் செவி கூர்மையாகிவிட்டது. இதைக் கால்சியம் உணர்திறன் ஏற்றம் என்கிறோம்.

இது வெறும் ஆய்வகச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். மூளையுறையின் கீழ் ரத்தக்கசிவு ஏற்பட்ட சில நாட்களில் மூளைத் தமனிகள் இறுகிக்கொள்வதைச் சமாளிக்க, ரோ கைனேஸைத் தடுக்கும் ஃபாசுடில் ஜப்பானில் 1995 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. கண்ணழுத்த நோய்க்கு இதே வகையைச் சேர்ந்த ரிபாசுடில் சொட்டு மருந்து 2014ல் அங்கேயே வந்தது.

கால்சியமே தசையைத் தளர்த்தவும் செய்யும் என்று படித்தேன். முரணாக இல்லையா?

முரண் போலத்தான் தெரியும். எங்கே, எவ்வளவு நேரம் என்று பார்த்தால் தீர்ந்துவிடும்.

கிடங்கின் சில பகுதிகள் செல் சவ்வை ஒட்டினாற்போல, மீட்டரில் ஐந்து கோடியில் ஒரு பங்கு அளவு இடைவெளியில் படுத்திருக்கும். அங்கே ரியானோடின் ஏற்பி என்னும் கதவுகள் கொத்தாக உள்ளன. அந்தக் கொத்து அவ்வப்போது கணநேரம் திறந்து மூடும். சுண்ணாம்புச் சூளையில் பொறி பறப்பதுபோல ஒரு மூலையில் கால்சியம் பளிச்சிட்டு அணையும். அதற்குக் கால்சியம் பொறி என்றே பெயர். செல் முழுக்கப் பரவிக் கணக்கிட்டால் அந்தப் பொறியின் பங்கு ஒன்றுமேயில்லை. ஆனால் அந்த இடுக்கில் கால்சியம் மைக்ரோமோலார் கணக்கில் எகிறும். எதிரே சவ்வில் இருக்கும் பெரிய பொட்டாசியம் சேனல்கள் அதில் திறந்துகொள்ளும். பொட்டாசியம் வெளியேறினால் செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின்னழுத்தம் ஆகும். எல் வகை மடைகள் மூடும். செல்லின் மொத்தக் கால்சியம் குறையும், தமனி தளரும். மார்க் நெல்சன் குழு 1995ல் இதை வெளியிட்டபோது பலர் புருவத்தை உயர்த்தினார்கள். பிறகு 2000ல் அந்தப் பொட்டாசியம் சேனலின் துணைப் பகுதியான பீட்டா 1 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது அவற்றுக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்தது.

ஆக ஒரே அயனி கூடத்தில் நின்று கத்தினால் 'சுருங்கு', வாசலில் நின்று முணுமுணுத்தால் 'தளர்'. செல்லுக்குள் கால்சியம் எவ்வளவு என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் பாடப்புத்தகங்களோடு எனக்கு உள்ள சண்டை இதுதான்.

உள்ளே வந்ததை எப்படி வெளியேற்றுகிறது?

கிடங்குக்குள் திருப்பி இறைக்கும் பம்ப் ஒன்று, ஒரு ஏடிபிக்கு இரண்டு கால்சியம் வீதம். சவ்வுக்கு வெளியே தள்ளும் பம்ப் இன்னொன்று, ஒரு ஏடிபிக்கு ஒன்றுதான். மூன்றாவது பண்டமாற்று: மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே அனுப்புவது. மைட்டோகாண்ட்ரியாவும் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளும்.

கிடங்கு காலியாகிவிட்டால்?

கிடங்குச் சுவரில் ஸ்டிம் என்ற புரதம் உள்ளே சரக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் சவ்வுக்கு அருகே நகர்ந்து ஓராய் என்ற சேனலைத் திறக்கும், வெளியிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். இந்த இரண்டையும் 2005, 2006ல்தான் கண்டுபிடித்தார்கள். ஓராய் என்பது கிரேக்கப் புராணத்தில் சொர்க்கவாசல் காப்பவர்களின் பெயர்.

கால்சியம் மாத்திரையும் ஆம்லோடிபினும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றையொன்று அடித்துவிடாதா?

பெரியம்மாவின் கேள்வி. வழக்கமான அளவில் அடிக்காது. ரத்தக் கால்சியத்தைப் பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டியும் டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய வரம்புக்குள் கட்டிவைத்திருக்கின்றன. ஒரு மாத்திரை கூடப் போட்டால் அந்த அளவு பெரிதாக அசையாது. ஆம்லோடிபின் ரத்தத்தில் கால்சியத்தைக் குறைப்பதும் இல்லை, எலும்பிலிருந்து எடுப்பதும் இல்லை. தமனித் தசையின் எல் வகை மடையை அடைப்பது மட்டும்தான் அதன் வேலை. ஊருக்குள் தண்ணீர் எவ்வளவு வந்தாலும் உங்கள் வயல் மடை மூடியிருந்தால் வயலுக்கு வராது, அவ்வளவுதான்.

விதிவிலக்கு இரண்டு. பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்து ரத்தக் கால்சியம் உண்மையிலேயே ஏறினால் ரத்த அழுத்தமும் கூடலாம். ஆம்லோடிபின் வகை மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கி வருபவர்களுக்கு மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாகக் கால்சியம் ஏற்றுவதும் உண்டு.

பெரியம்மாவின் டப்பாவில் உண்மையான சண்டை வேறெங்கோ இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அடுத்த நிமிடமே கால்சியம். கால்சியம் அந்தத் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாது. இரண்டுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இப்போது கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோடு போகிறது.

ஆம்லோடிபின் தசைக்குள் கால்சியத்தைத் தடுக்கிறதென்றால் கை கால் தசையும் தளர்ந்துவிடாதா? இதயம்?

கை கால் தசை சுருங்க வெளிக் கால்சியம் உள்ளே வரவேண்டியதில்லை. அங்கே சவ்வில் உள்ள சேனல் கிடங்கின் கதவோடு நேரடியாகக் கைகோத்திருக்கிறது. மின்னழுத்தம் மாறினால் கதவு இழுபட்டுத் திறக்கும், கிடங்குக் கால்சியமே போதும். அதனால் ஆம்லோடிபின் சாப்பிட்டுக்கொண்டே குடத்தைத் தூக்கலாம்.

இதயம் வெளிக் கால்சியத்தை நம்பியிருப்பதுதான். ஆனால் இதயத் தசை துடிப்புகளுக்கு நடுவே 85, 90 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் ஓய்வெடுக்கிறது, தமனித் தசை 40, 50 பக்கம். இந்த மருந்து வகை, குறைந்த வித்தியாசத்தில் நெடுநேரம் இருந்து சோர்ந்துபோன சேனல்களில்தான் நன்றாக ஒட்டும். அதனால் தமனி முதலில் மாட்டிக்கொள்கிறது. இதே மடையை அடைக்கும் வெரபமில், டில்டியாசெம் மருந்துகள் அப்படியில்லை, அவை இதயத் துடிப்பையும் குறைக்கும். வெரபமில் பெருங்குடல் மென்தசையையும் விட்டுவைக்காது. அதைச் சாப்பிடுபவர்கள் மலச்சிக்கல் என்று வந்து நிற்பது அதனால்தான்.

இந்த மாத்திரைக்குப் பிறகு கணுக்கால் வீங்குகிறதே?

ஆம்லோடிபின் சிறு தமனிகளைத் திறக்கும் அளவுக்குச் சிரைகளைத் திறப்பதில்லை. வரும் வழி அகலமாகி, போகும் வழி அப்படியே இருந்தால் நடுவில் தந்துகியில் அழுத்தம் ஏறி நீர் கசியும். நிற்பதால் கணுக்காலில் முதலில் தெரியும். உடம்பில் நீர் மிகையாகச் சேர்ந்து வந்த வீக்கம் இல்லாததால் நீர் பிரியும் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. டெல்மிசார்டன் போன்ற வேறு வகை பிரஷர் மாத்திரைகள் சிரையையும் திறப்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வீக்கம் குறைவு. தானாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் காலைக் காட்டுங்கள்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் இதே வேலைதானா?

வேறு வாசல். அந்த மாத்திரையில் இருக்கும் நைட்ரேட்டிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயு உருவாகி செல்லுக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற தூதுவனை ஏற்றும். அது பல முனையில் வேலை செய்யும்: பொட்டாசியம் சேனலைத் திறக்கும், கிடங்குக் கதவை மந்தமாக்கும், பாஸ்பேட்டைப் பிய்க்கிறவரை உசுப்பிவிடும். கால்சியமும் குறையும், செவியும் மந்தமாகும். நம் ரத்தக்குழாயின் உட்படலமே இந்த வாயுவை உண்டாக்குகிறது என்று தெரியவந்ததற்கு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998ல் நோபல் பரிசு. டைனமைட் செய்ய நைட்ரோகிளிசரினைக் கையாண்ட ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு அதையே மருந்தாக எழுதினார்கள். சைக்ளிக் ஜிஎம்பி அழியாமல் தடுப்பது சில்டெனாஃபில் (வயாக்ரா). இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். கூச்சப்பட்டு மறைக்கக் கூடாத விஷயம் இது.

ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சல்பூட்டமால் சைக்ளிக் ஏஎம்பி என்ற இன்னொரு தூதுவன் வழியாக மூச்சுக்குழல் தசையைத் தளர்த்துகிறது.

மாதவிடாய் வலி மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. மாதவிடாய் நேரத்தில் கருப்பையின் உட்படலம் புரோஸ்டாகிளாண்டின்களை வெளியிடும். அவற்றில் ஒன்று கருப்பைத் தசையில் ஐபி3யை உருவாக்கிக் கிடங்கைத் திறக்கும். தசை இறுகித் தன் ரத்தக்குழாயைத் தானே நெரிக்கும், வலிக்கும். மெஃப்டால் ஸ்பாஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு மருந்து இருக்கும். மெஃபனாமிக் அமிலம் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கிறது. டைசைக்ளோமின் அசிட்டைல்கோலின் ஏற்பியை மறித்து மென்தசைப் பிடிப்பைக் குறைக்கப் பார்க்கிறது. முதலாவது ஊற்றிலேயே கை வைப்பதால், வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு போடுவதைவிட ஆரம்பத்திலேயே போட்டால் நன்றாகக் கேட்கும்.

பிரசவத்தில்?

கருப்பை பத்து மாதம் அடங்கியிருந்து கடைசியில் ஒருமித்து இறுக வேண்டும். நாள் நெருங்கும்போது தசைச் செல்களுக்கு நடுவே இணைப்பு வாசல்கள் பெருகும், ஆக்ஸிடோசின் ஏற்பிகளும் பெருகும். ஒரு செல்லில் கிளம்பும் மின் அலை பக்கத்துச் செல்லுக்கும் தாவி, எல் வகை மடைகள் சேர்ந்து திறக்கும். இரண்டு வலிகளுக்கு நடுவே கால்சியம் கீழே இறங்கித் தசை தளர்வதும் அதே அளவு முக்கியம். அந்த இடைவெளியில்தான் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் ஒழுங்காகப் போகும். குழந்தை பிறந்த உடனே தாய்க்குப் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி, தசையை இறுக்கித் திறந்திருக்கும் ரத்தக்குழாய்களை நெரித்து உதிரப்போக்கைத் தடுக்க. எதிர்ப்பக்கம், நாள் முற்றாமல் வலி வந்தால் நிஃபெடிபின் கொடுத்து மடையை மூடிப் பார்ப்பதும் உண்டு.

குடல் தானாக அசைவது எப்படி?

தசைகளுக்கு நடுவே கஹால் செல்கள் என்று தனி இனம் இருக்கிறது. அவற்றின் கிடங்கிலிருந்து கால்சியம் தாளக்கட்டோடு வெளிவந்து குளோரைடு சேனலைத் திறக்க, மின் அலை எழும். இரைப்பையில் நிமிடத்துக்கு மூன்று, சிறுகுடல் தொடக்கத்தில் பன்னிரண்டு. பக்கத்துத் தசைச் செல்கள் அந்தத் தாளத்துக்கு மடையைத் திறந்து மூடுகின்றன.

ரத்தக்குழாயில் கால்சியம் படிவது என்கிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. சிடி ஸ்கேனில் 'கால்சியம் ஸ்கோர்' என்று பார்ப்பது சுவரில் படிந்த கால்சியம் பாஸ்பேட் கட்டி. முன்பு சொன்ன பீக்கர் படிவின் உறவுக்காரன். ஆம்லோடிபின் அதைக் கரைக்காது.

ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. அதுவும் மென்தசைதானா?

அது எலும்போடு ஒட்டிய வரித்தசை. இங்கே சொன்ன பொறியும் தாழ்ப்பாளும் அதற்குப் பொருந்தாது. முழங்காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் விட்டுவிடும்.